கிபிசியாவுக்குப் போன பட்டுச்சீலை

2007 மார்ச்சில் ஒஸ்லோவின் ஓரத்து எல்லிங்ஸ்ருட்டிலிருந்து நானும் மனைவி சாந்தியும் கிரேக்கம் போனது தீவு பார்க்க அல்ல. துரொண்ட்ஹெய்மில் படிக்கும் எங்கள் மகள் நிலா, கூடப் படிக்கும் கிரேக்கப் பெடியன் நிக்கோஸைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். பெடியனின் தாயைப் பார்க்காமல் ஓம் சொல்லமாட்டேன் என்று சாந்தி நின்றாள். போதாததற்கு ஒரு பட்டுச்சீலை வாங்கிக் கைப்பையில் வைத்தாள்.

"மனிசியைப் பிடிச்சால் குடுப்பன். இல்லாட்டி சீலை என்னோடை எல்லிங்ஸ்ருட்டுக்குத் திரும்பி வரும்."

மலிவு என்று வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டது நான்தான். சாந்திக்கு வெள்ளி விரதம், மீன் இறைச்சி எந்த மச்சமும் தொடமாட்டாள். விமானம் ஏறும்வரை நல்லாய் வாங்கிக் கட்டினேன். அம்மாவின் வெள்ளிக்கிழமை பற்றி எல்லாம் சொல்லியாச்சு என்று நிலா போனில் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. பரீட்சை என்றபடியால் அவள் வரவில்லை. நிக்கோஸ் முன்னரே வீட்டுக்குப் போயிருந்தான். அவன் வந்து கூட்டிப்போனால் சம்மதம் சொன்னமாதிரி ஆகிவிடும் என்று சாந்தி சொன்னாள், அதனால் நாங்களாகவே போனோம்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் மொனாஸ்டிராக்கி, ஆளுக்கு ஆறு யூரோ, நாற்பது நிமிடம். அங்கே பச்சைப் பாதைக்கு மாறினால் இன்னும் முப்பத்தைந்து நிமிடத்தில் கடைசி நிலையம் கிபிசியா. நகர மையத்திலிருந்து பதினைந்து கிலோமீற்றர் இருக்கும். பெருநகரின் ஓரம் என்றதும் எங்கடை எல்லிங்ஸ்ருட் மாதிரி அடுக்குமாடிகளை நினைத்திருந்தேன். இங்கே பெரிய மரங்கள், மதிலுக்கு மேலால் செம்மஞ்சள் பழங்களோடு எட்டிப் பார்க்கும் தோடை மரங்கள், பழைய பெரிய வீடுகள். டாக்சிக்கு நாலு யூரோ. எங்கிருந்து என்று சாரதி கேட்டார். நோர்வே என்றேன். மனிசன் கண்ணாடியில் எங்களை இரண்டு தரம் பார்த்தார்.

நிக்கோஸின் தாய் எலெனி வாசலிலேயே சாந்தியைக் கட்டிப்பிடித்தா. மேசையில் நடுநாயகமாக ஒரு சட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே முழு ஒக்டோபஸ். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் அவையளுக்கும் விரதமாம். இரத்தம் இல்லாததெல்லாம் விரதச் சாப்பாடுதான் என்று நிக்கோஸ் நோர்வே மொழியில் விளக்கினான். சம்பந்தி விரதக்காரி என்று கேள்விப்பட்டு, எலெனி விடியவே போய்த் தேடி வாங்கினதாம்.

"எட்டுக் காலோடை கிடக்குது. இது மரக்கறியோ?" என்று சாந்தி என் காதுக்குள் கேட்டாள்.

சீலை திரும்புகிறது என்றே முடிவுகட்டினேன். சாந்திக்கு இதுவும் மச்சம்தான் என்று நான் சொல்ல, நிக்கோஸ் தாய்க்கு மெதுவாக விஷயத்தைச் சொன்னான். எலெனியின் முகம் செத்துப்போனது. சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனவ வெளியே வரவில்லை. பொறுக்கமாட்டாமல் சாந்தி பின்னால் போனாள். போய்ப் பார்த்தால் மனிசி கண் கலங்கியபடி பருப்பை அடுப்பில் ஏற்றிக்கொண்டு நிற்கிறா.

சாந்தி எங்கே போனாலும் செத்தல் மிளகாய் கூடப் போகும். கொஞ்ச நேரத்தில் வெங்காயமும் மிளகாயும் தாளிக்கிற மணம், பின்னால் எலெனியின் தும்மல், இரண்டு பேரின் சிரிப்பு. ஒருத்திக்குத் தமிழ், ஒருத்திக்குக் கிரேக்கம். என்ன கதைத்தார்களோ தெரியாது.

பருப்பும் தோய்த்துச் சாப்பிடப் பாணும் மேசைக்கு வந்தன. ஒக்டோபஸை நிக்கோஸும் தகப்பனும் நானும் ஒரு பிடி பிடித்தோம். எலெனி அதைத் தொடவில்லை. உங்கடை விரதத்துக்கு இது சரிதானே, ஏன் சாப்பிடவில்லை என்று நிக்கோஸ் தாயிடம் கேட்டான். தாய் சொன்னதை எங்களுக்கு மொழிபெயர்த்தான்.

"அவவுக்கு விரதம் எண்டால், இண்டைக்கு எனக்கும் அதே விரதந்தான்."

சாந்தி கரண்டியை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். நான் சந்தோசத்தில் இன்னொரு துண்டு ஒக்டோபஸை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: மார்ச்சில் கிபிசியா பின்னேரம் குளிரும், ஜக்கெட் தேவை. விரதக்காரர் கடலில் வாழ்வதும் மச்சம்தான் என்று முதலே சொல்லிவையுங்கள். கைப்பையைக் காலியாகவே திரும்பிக் கொண்டுவரலாம் என்று எண்ணவேண்டாம். எங்கடை பையில் சீலை இருந்த இடத்தில் எலெனியின் எலுமிச்சம்பழங்கள்தான் ஒஸ்லோவுக்கு வந்தன.