வில்லனுக்கு வராத கோபம்

கணபதி என்கிற ஊரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார் பாலுசாமி. ஆயுதபூஜைக்கு நாடகம் எழுதுவதும் அவர்தான். போன வருஷம், தொண்ணூற்றி இரண்டில், அவர் உருகி உருகி எழுதிய அழுகைக் கட்டத்துக்குக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இந்த வருஷமும் அப்படியானால் நாடகத்துக்குப் பதில் பாட்டுக் கச்சேரிதான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள். மனுசனுக்கு மானப் பிரச்சினை.

கதை சுலபம்தான். சொத்துக்கு ஆசைப்பட்ட அண்ணன் தம்பியை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆனால் பெற்ற பிள்ளையைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிறவருக்கு வில்லத்தனம் எங்கிருந்து வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு, 'வெளியே போடா நாயே' என்று எழுதிப் பார்த்தார். அண்ணனாக நடிக்கும், லேத் மிஷின் ஓட்டும் அரங்கசாமி ஒத்திகையில் அதைப் படித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக் கர்ஜித்தார்.

"வெளியே போடா நாயேங்க!"

ஒத்திகை அத்தோடு கலைந்தது.

பாலுசாமி எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். தட்டில் சோறு காய்ந்தது. அன்று காங்கேயத்தில் கொழுந்தியாள் மகளுக்குச் சீர் என்பதையே அவர் மறந்துபோக, மனைவி ராசாத்தாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம். மறுநாள் காலை சைக்கிளை எடுத்தவர் வழக்கம்போல், "போயிட்டு வாரேன் ராசாத்தா" என்றார்.

"போங்க."

அவ்வளவுதான். தினமும் சொல்லும் 'போயிட்டு வாங்க' வரவில்லை. இதற்கு நாலு வசவு வைதிருக்கலாமே என்று நொந்துகொண்டே மிதித்தவர், பாதி வழியில் பிரேக்கைப் பிடித்தார். அடடா, வசனம் வீட்டு வாசலிலேயே கிடந்திருக்கிறதே!

பூஜையன்று மேடையில் அண்ணன் தம்பிக்கு இலை போட்டார். "நல்லாச் சாப்பிடுங்க தம்பி. வெயிலா இருக்குது, குடைய எடுத்துக்கங்க." தம்பி பெட்டியோடு வாசலில் நின்று, "போயிட்டு வாரேனுங்கண்ணா" என்றான்.

"போங்க."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ராசாத்தாள் எழுந்தே விட்டாள். "ஏனுங்க, போயிட்டு வாங்கன்னு சொல்லிப்போடுங்க! அந்தத் தம்பி மூஞ்சியப் பாருங்க!"

"ஆமாங்க, சொல்லிப்போடுங்க!" என்று சபையே சேர்ந்துகொண்டது. அரங்கசாமி பாவம், நல்ல மனுசன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். அப்புறம் தம்பி எதற்குப் போகிறான்? பெட்டியை வைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மிச்ச நாடகம் அம்போ. ஆனால் கைதட்டல் அடங்கவே இல்லை. திரைக்குப் பின்னால் பாலுசாமி தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார். இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

ராசாத்தாள் மூக்கைச் சிந்தியபடி அங்கேயே வந்துவிட்டாள். "இப்படியுமா எழுதுவீங்க? வாசப்படி தாண்டறவங்களப் பாத்து வெறும் போங்கன்னு எந்தப் பாவிங்க சொல்லுவாங்க?"

பாலுசாமி வாயைத் திறந்தார். அடுத்த வருஷமும் எழுதியாக வேண்டுமே என்று மூடிக்கொண்டார்.