எல்லாச் சுவரிலும் எட்டுப் பட்டை

நேற்று இலஞ்சிப் பக்கம் வண்டியில் போனபோது ஒரு கோயில் மதிலுக்கு வெள்ளையும் காவியும் பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தனியாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். பெயிண்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இந்தப் பட்டையோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிய கதையை அவரிடம் எங்கே சொல்ல? உங்களிடம் சொல்லலாம்.

அப்போது மேலகரத்தில் மிக்சி ரிப்பேர்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நானும் செல்வியும் இரண்டு கம்ப்யூட்டரும்தான். கல்லூரியிலும் ஒரே பெஞ்ச், இங்கேயும் ஒரே மேசை. கட்டடங்களைத் திரையில் நாலு பக்கமும் சுற்றிக் காட்டும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். பக்கத்து ஊர்க் கோயிலின் திருப்பணிக் குழுவுக்கு, வேலை முடிந்தால் கோயில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஆசை. சென்னையில் இருந்த முதலாளி ஃபோனில் சொல்லிவிட்டார்: "இது அவங்களுக்குப் பிடிச்சா ஆபீஸ் இருக்கும். இல்லேன்னா மூடிர வேண்டியதுதான்." மூடினால் செல்வி சென்னைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய் வேலை தேடியாக வேண்டும். அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்? கோயிலைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

கோபுரம், மண்டபம் எல்லாம் அம்சமாக வந்துவிட்டன. மதிலில்தான் வினை. நிஜ மதிலை ஃபோட்டோ எடுத்து, எட்டுப் பட்டை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி வைத்திருந்தேன். சுவரில் ஒட்டுகிற இந்தப் படத்தை எங்கள் தொழிலில் டெக்ஸ்சர் என்போம். நீள மதிலில் அந்தப் படம் நாற்பது தடவை அடுத்தடுத்து வர வேண்டும். வாசல் திண்டில் கால்வாசி வந்தாலே போதும், இரண்டு பட்டை. கணக்கும் அப்படித்தான் கொடுத்தேன். ஓடவிட்டால் எல்லாச் சுவரிலும் எட்டே எட்டுப் பட்டை! மதிலில் ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளம். திண்டில் சட்டைக்கோடு மாதிரி.

என் மேல் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றினால்தானே? அளவைத்தான் சந்தேகப்பட்டேன். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு இருவரும் கோயிலுக்கே போய் ஒவ்வொரு பட்டையாக அளந்தோம். அந்த வழியே சைக்கிளில் போன ஒருத்தர் காலை ஊன்றி நின்றுவிட்டார். "என்னம்மா, மதில வெலைக்குக் கேக்கப் போறியளா?" செல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெயிண்டர்கள் கண்மதிப்பில் அடித்த பட்டைகள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. அதைக் கண்டுபிடித்ததுதான் மிச்சம்.

மறுநாள் சாயங்காலம் குழுவுக்குக் காட்ட வேண்டும். குற்றாலச் சீசன் நேரம் வேறு. சீசனில் தென்காசிக்காரர்கள் தாங்களாகக் குளிக்கப் போவது குறைவு, விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போவதற்கே பொழுது சரியாக இருக்கும். விடிந்ததும் முதலாளியும் குடும்பத்தோடு வந்து ஐந்தருவியில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் மாடியில் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் செல்வி என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். நாற்பது என்று இருந்த இடத்தில் எட்டாயிரம் என்று அடித்தாள்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு?"

"சும்மா பாரு."

திரை அசையவே இல்லை. அதே எட்டுப் பட்டை.

"பாத்தியா? நாம என்ன சொன்னாலும் இது கேக்கவே இல்லட்டி. ஒவ்வொரு சொவத்தையும் அதது அளவுக்கு ஒரே படமா இழுத்து ஒட்டுது!"

மென்பொருளின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். கோளாறு எங்கள் கணக்கில் இல்லை. படத்தின் அளவை அந்தந்தப் பொருளின் அளவுக்குத் தக்கபடி எடுத்துக்கொள் என்று ஓர் அமைப்பு, நாங்கள் தொடாமலே இருந்திருக்கிறது. நாங்கள் சொன்ன அளவையே எடுத்துக்கொள் என்று அந்த ஒரு சொல்லை மாற்றினோம். எட்டாயிரத்தை மறுபடி நாற்பது ஆக்கி ஓடவிட்டோம். மதில் முழுக்க வெள்ளையும் காவியும் வரிசை பிடித்து நின்றன! நாங்கள் போட்ட கூச்சலில் கீழே இருந்து கடைக்கார அண்ணாச்சி ஸ்குருடிரைவரோடு ஓடி வந்தார். "யாருக்கும்மா கரெண்டு அடிச்சிட்டு?"

சாயங்காலம் குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏலே, நம்ம கோயிலுல்லா!" என்றார். மதிலை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டச் சொன்னார். ஆபீஸ் தப்பித்தது. முதலாளி ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி, பிழையைப் பிடித்தது யார் என்று கேட்டார். நான் பெருமையாகச் செல்வியைக் கை காட்டினேன்.

"இந்த மூளை சென்னை ஆபீஸ்ல இருக்கணும்மா" என்றார். அடுத்த மாதமே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் போகக் கூடாது என்றுதான் அத்தனை பாடும் பட்டேன். பட்டை சரியானதால்தான் அவள் போனாள். அவள் இல்லாத மாடியில் ஒரு வருஷம் ஓட்டினேன். பிறகு அதையும் மூடினார்கள். அந்தப் பழைய மென்பொருளை இப்போது யாரும் சீந்துவதில்லை. நான் வீட்டிலிருந்தே வேறொரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். பிழையைச் சரிசெய்தால் யாரோ எங்கிருந்தோ ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறார்கள்.

போன வாரம் மூன்று நாளாக உயிரை வாங்கிய ஒன்று சட்டென்று சரியானது. "ஏட்டி, வந்துட்டுட்டி!" என்று கத்திவிட்டேன்.

அடுக்களையிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னையா கூப்பிட்ட?" என்றார்.