ஏழு சாண் உயரம்

பிள்ளைகளா, அந்த டிரெய்லர் கதையை உங்கள் மாமா ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு மாதிரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன தடவை, நான் டிரக்கையே தப்பாக வாங்கிவிட்டேன் என்று கொண்டுபோய் முடித்தார். நீங்கள் மூன்று பேரும் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். டிரக்கில் ஒரு தப்பும் இல்லை. அதனால் நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் பெரியவள் ஒருத்திதான், அவள் மற்ற இருவருக்கும் படித்துச் சொல்லட்டும். ஐ.டி.ஐ. வரைக்கும் போனவன் எழுத்து இது. பிழை இருந்தால் அவளே திருத்திக்கொள்ளட்டும்.

அந்த வருஷம் பெரியவள் ஸ்கூல் முடித்திருந்தாள். ஆகஸ்டில் காலேஜ், அதுவும் வேறு மாநிலத்தில். அவள் போன பிறகு ஐந்து பேரும் ஒரே வண்டியில் உட்கார்ந்து எங்கேயாவது போவது இனி எப்போது நடக்குமோ என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். சொன்னாளே ஒழிய, கிளம்பவும் மாட்டாள். மோட்டல் அடுப்பில்லாத இடம், பாத்ரூமில் சொம்பு வைக்க இடமிருக்காது, வழியில் ஹலால் கடை கிடைக்காது, மூன்று வேளையும் பிரெட்டும் சீஸும் தின்ன முடியாது. இதுதான் அவள் பாட்டு. டெக்சஸில் இந்தச் சுகர் லேண்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் நாம் போன அதிக தூரம் கால்வெஸ்டன் கடற்கரை. அதுவும் சாயங்காலமே திரும்பிவிட்டோம்.

ஜூலையில் எனக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. நான் வேலை பார்க்கும் லேத் ஷாப்பில் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக முழு வாரம். கொலராடோ மலைக்குப் போவோம், அடுப்பும் பாத்ரூமும் நம்மோடு வரட்டும் என்று சொன்னேன். வேலைக்காக வாங்கிய பிக்கப் டிரக் வாசலில் நின்றது. அதில் மாட்டி இழுக்க, அடுப்பும் படுக்கையும் உள்ள ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்று வாங்கினால் போதும்.

"அஞ்சாவது சக்கரமா? ஸ்டெப்னியையா வாங்கப் போறீங்க?" என்று கேட்டாள் அம்மா.

ஸ்டெப்னி இல்லை. சாதாரண டிரெய்லர் டிரக்கின் பின்னால் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும். இது அப்படி இல்லை. இதன் முன்பாகம் மூக்கு மாதிரி நீண்டு, டிரக்கின் பின்பக்கத் தொட்டிக்கு மேலே வந்து நிற்கும். தொட்டியை இங்கே பெட் என்பார்கள். மூக்குக்கு அடியில் ஓர் இரும்பு முளை இருக்கிறது. பெட்டுக்குள் போல்ட் போட்டு வைத்திருக்கும் சேணம் போன்ற தகட்டில் அந்த முளை போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு, பெட்டின் பக்கச் சுவருக்கும் மேலே நிற்கும் மூக்குக்கும் நடுவில் ஆறு இஞ்சாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போது மூக்கு சுவர்மேல் உட்கார்ந்து தகடு நசுங்கிவிடும். டிரெய்லரும் தரைக்கு மட்டமாக நிற்க வேண்டும். மூக்கைத் தூக்கி வைத்து ஓட்டினால் பாரம் முழுக்கப் பின் சக்கரத்துக்குப் போய், டெக்சஸ் வெயிலில் டயர் வெடித்துவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் டிரக்கை ஸ்டீல் டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து பக்கச் சுவரின் மேல் விளிம்பு வரை ஐம்பத்தேழு இஞ்சு. காற்று சரியாக நிரப்பி, பெட்டைக் காலி செய்து, நாலு இடத்தில் அளந்து பென்சிலால் குறித்து வைத்தேன். அப்படியானால் டிரெய்லர் மூக்கின் அடிப்பாகம் அறுபத்து மூன்றில் நிற்க வேண்டும்.

டல்லாஸ் பக்கம் இருக்கும் உங்கள் மாமா ஒரு டிரெய்லரைக் கண்டுபிடித்தார். வயதான ஒரு அமெரிக்கப் பெரியவருடையது. உள்ளே சுத்தம், அடுப்பு புதுசு. மாமா லஞ்ச் நேரத்தில் ஆபீஸிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் போட்டார். சாயங்காலம் வேறு ஆள் பார்க்க வருகிறாராம், உடனே சொல்ல வேண்டுமாம்.

"மாப்ளே, மூக்கு அடி தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு பாரு. அதான் முக்கியம்."

"டேப் இல்லையே மச்சான். ஆபீஸ் டிரெஸ்ல நிக்கிறேன்."

"கையால அளந்து சொல்லு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. அப்போதெல்லாம் போனில் படம் எடுத்து அனுப்பும் வழக்கம் நமக்கு வரவில்லை.

"கரெக்டா ஏழு சாண் மச்சான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

ஒரு சாண் ஒன்பது இஞ்சு. ஏழு ஒன்பது அறுபத்து மூன்று. என் டிரக்குக்கென்றே செய்து வைத்த மாதிரி. லேத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாங்கிவிடு என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மாமா வீட்டில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு அப்படியே கொலராடோவுக்கு. அம்மா ஐஸ் போட்ட இரண்டு கூலர் பெட்டி நிறையக் கறியும் மீனும் எடுத்துக்கொண்டாள். டிரெய்லர் ஜன்னலுக்குத் திரை தைக்கத் துணி வேறு. வழி முழுவதையும் கம்ப்யூட்டரில் எடுத்து, பக்கம் பக்கமாகப் பிரின்ட் போட்டு நடுவுள்ளவன் மடியில் வைத்திருந்தான். ஐ-45 ஃப்ரீவேயில் நாலரை மணி நேரம். வந்தாச்சா, வந்தாச்சா என்று சின்னவள் எத்தனை தடவை கேட்டாள் என்று நான் எண்ணவில்லை.

அந்தப் பெரியவர் டிரெய்லரை முந்தின நாளே கொண்டுவந்து மாமா வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தியிருந்தார். மாட்டிக் காட்டுவதற்காக அவரும் வந்திருந்தார். நான் டிரக்கைப் பின்னால் எடுத்தேன். மாமா கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னார். பெரியவர் மட்டும் திடீரென்று கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். டிரெய்லரின் மூக்கும் டிரக்கின் சுவரும் ஒன்றுக்கொன்று நேராக, முட்டிக்கொள்ளப் போகிற இரண்டு ஆடுகள் மாதிரி நின்றன.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருடைய பழைய டிரக் தாழ்வானது, அதற்கு இது பொருந்தியது, உங்களுடையது ரொம்ப உயரம் என்றார். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காதில் சூடு வைத்த மாதிரி இருந்தது.

"ஏழு சாண்னு சொன்னியே மாப்ளே."

"இப்பவும் ஏழு சாண்தான் மச்சான். வேணும்னா பாருங்க." மாமா அங்கேயே குனிந்து அளந்து காட்டினார். ஏழு சாண்தான்.

அம்மா டிரக்கிலிருந்து இறங்கி வந்தாள். திரை தைக்கக் கொண்டுவந்த டெய்லர் டேப்பைக் கைப்பையிலிருந்து எடுத்து, மூக்கின் அடியிலிருந்து தொங்கவிட்டாள். ஐம்பத்தேழே முக்கால். அடுத்து அவள் தம்பியின் கையைப் பிடித்து டிரெய்லர்மேல் விரித்து வைத்தாள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை எட்டேகால்.

"இவன் கை எங்க உம்மா கை. சின்னது. இது உங்களுக்குத் தெரியாதா? கல்யாணத்துல நீங்க போட்ட மோதிரமே அவனுக்கு லூஸாத்தானே இருந்துச்சு."

"டேப் வச்சு அளக்க வேண்டியதுதானே இவன்?"

"கையால அளன்னு சொன்னது யாரு மச்சான்?" என்றார் மாமா. "நான் சாண்னுதான் சொன்னேன். ஒம்பதால பெருக்குனது நீங்க."

ஷாப்பில் ஓர் இஞ்சில் ஆயிரத்தில் மூன்று பங்கு கூடிப்போனாலும் அந்தப் பீஸைத் தூக்கிக் குப்பையில் போடுகிற ஆள் நான்.

பெரியவர் வழி சொன்னார். டிரெய்லர் ஆக்ஸிலுக்கு மேலே இரும்புக் கட்டை வைத்து உயர்த்தினால் ஐந்தாறு இஞ்சு கிடைக்கும். நல்ல வெல்டர் செய்ய வேண்டிய வேலை. மாமா வீட்டு வாசலில் நின்று நாலு கடைக்குப் போன் போட்டேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவர் பத்து நாள் என்றார். இன்னொருவர், ஆகஸ்டில் கூப்பிடுங்கள் என்றார். வெல்டிங் எனக்கும் தெரியும். ஆனால் மிஷினும் ஜாக்கியும் இருநூற்றைம்பது மைல் தள்ளி ஷாப்பில் பூட்டிக் கிடந்தன.

அதற்கு அப்புறம் நான் செய்ததைத்தான் மாமா அதிகம் சொல்லிச் சிரிப்பது. பாரம் ஏறினால் டிரக் கொஞ்சம் அமுங்கும். எவ்வளவு என்று பார்ப்போமே என்று எல்லோரையும் பெட்டில் ஏறச் சொன்னேன். மாமா, மாமி, நீங்கள் மூன்று பேர், பக்கத்து வீட்டு குஜராத்தி அங்கிள், அவருடைய மருமகன். அம்மா ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு பேரும் ஏறி நின்ற பிறகு டிரக் ஒன்றரை இஞ்சு இறங்கியது.

"அத்தா, ஆர் வி ஸ்டாண்டிங் லைக் திஸ் டில் கொலராடோ?" என்று பெரியவள் கேட்டாள். குஜராத்தி அங்கிள் சிரித்ததில் இன்னும் கால் இஞ்சு இறங்கியிருக்கும்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. உன் கையால்தான் எல்லாம் போச்சு என்று மாமாவிடம் கத்தினேன். ஒரு வாரம் லீவு, இனி எப்போது கிடைக்கும், பெரியவள் போன பிறகு யாரை வைத்துப் போவது என்று என்னென்னவோ பேசினேன். மாமா முகம் சுண்டிப்போய் உள்ளே போய்விட்டார். டிரக்கிலேயே போய் மோட்டலில் தங்கலாம் என்றேன். அம்மா கூலரைக் காட்டினாள். "இந்தக் கறியை எங்க வைக்கிறது?"

கடைசியில் பெரியவள்தான் முடிவு சொன்னாள். "லெட்ஸ் ஜஸ்ட் ஸ்டே இன் இட். ஹியர்."

அங்கேயே தங்கினோம். கொலராடோ மலைக்குப் போக வேண்டிய டிரெய்லர் மாமா வீட்டுப் பக்கத்தில், பாதி கட்டிய ஒரு வீட்டைப் பார்த்தபடி நின்றது. கரண்டுக்கு மாமா வீட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். டிரெய்லரில் ஏசியும் வீட்டில் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்விடும். மாமி டீ போடும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் குரல் கொடுக்க வேண்டும், நாம் ஏசியை நிறுத்த வேண்டும். நூறு டிகிரி வெயிலில் நாலு நாள் இப்படி. அம்மா அந்தக் குட்டி அடுப்பில் மீன் குழம்பு வைத்தாள். மீன் வாசனை திரைத்துணியில் ஏறியது, இன்றைக்கும் போகவில்லை. ராத்திரி மூக்குப் பகுதியில் இருந்த கட்டிலில் நீங்கள் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தூங்கினீர்கள். நீங்கள் புரளும்போதெல்லாம் டிரெய்லர் ஆடியது. நான் கீழே சோபாவில் படுத்து, அந்த மூக்கின் அடிப்பாகத்தை மனசில் அளந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினோம். ஆகஸ்டில் பெரியவளை ஏர்போர்ட்டில் விட்டோம். அக்டோபரில் டல்லாஸ் வெல்டர் கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்தார். நான் போய் மாட்டினேன். ஆறரை இஞ்சு இடைவெளி, தரைக்கு மட்டம், ஒரு குறையும் சொல்ல முடியாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், பின் சீட்டில் இரண்டு பேர்தான். நன்றாகத்தான் வந்தது வண்டி.

ஆகஸ்டில் பெரியவள் கிளம்பிப் போன அந்த வாரம்கூட எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஹார்டுவேர் கடையில் பதினாறு அடி ஸ்டீல் டேப் ஒன்று வாங்கினேன். மாமாவுக்குத் தபாலில் அனுப்பினால் ரோஷம் வரும் என்று நினைத்தேன். கவரில் போட்டு விலாசமும் எழுதி, லஞ்ச் நேரத்தில் ஒட்டி அனுப்புவதற்காக ஷாப்புக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் வெளியே சாப்பிடப் போயிருந்தார்கள். லேத் மேஜையில் பன்னிரண்டு இஞ்சு ஸ்டீல் ஸ்கேல் கிடந்தது. ஏனோ கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதன்மேல் விரித்து வைத்தேன். விரல் வலிக்கிற அளவுக்கு நீட்டிப் பார்த்தேன். எட்டு இஞ்சும், அதற்கு மேல் ஓர் இஞ்சில் எட்டில் ஐந்து பங்கும். ஒன்பது வரவில்லை. இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தேன், அதுவும் அவ்வளவுதான்.

இதை உங்கள் மாமாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. கவரைப் பிரித்து டேப்பை வெளியே எடுத்தேன். விலாசம் எழுதிய கவரை நாலாகக் கிழித்து, இரும்புத் தூள் போடும் டின்னில் போட்டேன். வெளியே போய், டிரக்கின் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து டேப்பை உள்ளே வைத்து மூடினேன்.