மாமியைச் சாப்பிட வைத்த வாய்

கோயில் திருவிழாவிலோ கலியாண மண்டபத்திலோ "அண்ணை, எங்கை வேலை?" என்று யாராவது கேட்டால், "யூனிவெர்சிட்டியிலை" என்று சொல்லிவிட்டு உடனே ஒரு வடையை வாய்க்குள் போட்டுக்கொள்வேன். வாய் நிறைந்திருந்தால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சொன்னது பொய் இல்லை. பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே மாடுகளுக்குத் தீனி நிறுத்து வைப்பதும், மிச்சம் விட்டதைத் திரும்ப நிறுப்பதும், சாணி அள்ளுவதும் என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரிலிருந்து ஒருவர் தப்பித்துக்கொண்டோம். அப்படிப்பட்டவனை ஒரு பல்கலைக்கழகம் வேலைக்கு வைத்திருக்கிறது என்றால், தவறு யார் பக்கம் என்று நீங்களே யோசியுங்கள்.

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை டொக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய அங்கே வந்தாள். தீனியோடு ஆளி விதை சேர்த்துக் கொடுத்தால் மாடு ஏப்பத்தில் விடும் மீதேன் வாயு குறைகிறதா என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. முதல் நாள் அவள் விளங்கப்படுத்தியபோது நான் நன்றாகச் சிரித்தேன். என் ஏப்பத்தை வீட்டில் யாரும் அளந்ததில்லை, திட்டியதுதான் உண்டு.

மாட்டின் ஏப்பத்தை அளக்க ஒரு கண்ணாடி அறை இருந்தது. உள்ளே போகிற காற்றும் வெளியே வருகிற காற்றும் குழாய்களால் ஒரு இயந்திரத்துக்குப் போகும். மாடு இரண்டு நாள் உள்ளே நின்று, எப்போதும்போல் தின்று, எப்போதும்போல் ஏப்பம் விட வேண்டும். தீனி வைக்கவும் பால் கறக்கவும் போகும் சிறிது நேரம் தவிர ஆள் உள்ளே நிற்கக் கூடாது. மனிதன் விடும் மூச்சும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மாடுகளை அந்த அறைக்குப் பழக்குகிற பொறுப்பு எனக்கு வந்தது. நான்கு மாடுகள். அவற்றில் ஒன்றை நான் மாமி என்று கூப்பிடுவேன். என் மனைவியின் தாயாரைப் போலவே அதுவும் மென்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்க்கும், ஒரு நாளும் திருப்திப்படாது. ஒவ்வொரு மாடாக உள்ளே கூட்டிப்போய், தீனி வைத்து, அது தின்னும்வரை பக்கத்தில் நிற்பேன். சும்மா நிற்க எனக்கு ஏலாது. கதைப்பேன். ரயில் தாமதித்தது, மச்சான் வாங்கிய பழைய கார், மண்டபத்தில் யார் யாரோடு கோபம், எல்லாம் மாடுகளுக்குத் தெரியும். மாடுகள் நன்றாகத் தின்றன. பழகிவிட்டன என்று எழுதிக்கொண்டார்கள்.

உண்மையான அளவீடு தொடங்கிய நாளில் மாமி முதலில் போனது. கதவைப் பூட்டினோம். மாமி தீனியை முகர்ந்தது, தலையைத் திருப்பியது, கதவைப் பார்த்து நின்றது. மத்தியானமும் அப்படியே நின்றது.

"அண்ணா, என்னங்கண்ணா இது? வச்சது வச்சபடி இருக்கு. சாப்பிடலைன்னா டேட்டாவே செல்லாதுங்கண்ணா."

"காய்ச்சலோ தெரியேல்லை, பிள்ளை."

"டாக்டர் பாத்துட்டாருங்க. நார்மல்ங்கறாரு."

பேராசிரியை வந்தார். ஜேர்மன்காரி, கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். நாளைக் காலைக்குள் தின்னாவிட்டால் இந்த மாட்டை எடுத்துவிட வேண்டும் என்றார். மூன்று மாடுகளை வைத்து முடிவு சொல்ல முடியாது. கண்ணாடி அறை அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆட்களுக்கு. பிள்ளையின் உதவித்தொகையும் அந்த வருடத்தோடு முடிகிறது. பேராசிரியை போனதும் அவள் தீனி மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

"அழாதையும் பிள்ளை. நான் போய்க் கேக்கிறன்."

"யாரைங்கண்ணா?"

"மாமியைத்தான்."

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்துச் சத்தம் போட்டேன்.

"என்ன மாமி, இண்டைக்கும் மருமோன்ரை சாப்பாடு பிடிக்கேல்லையோ? உப்புக் காணாதோ? ஆளி விதை எல்லாம் போட்டுத்தானே தந்தனான்! வெளியிலை வாங்கினால் என்ன விலை தெரியுமோ?"

மாமியின் காது திரும்பியது. பிறகு தலை குனிந்தது. தின்னத் தொடங்கியது.

எனக்கு வாய் அடைத்துப்போனது. வாய் அடைத்ததும் மாமி நிமிர்ந்து நின்றுகொண்டது.

"அண்ணா, நிறுத்தாதீங்க! பேசுங்க, பேசுங்க!"

"என்னத்தைக் கதைக்கிறது?"

"என்ன வேணும்னாலும் பேசுங்கண்ணா! இவ்வளவு நாளா நான் வேலை செய்யறப்போ எல்லாம் கேக்காமலேதானே பேசுனீங்க!"

மச்சானின் காரிலிருந்து தொடங்கினேன். அரைவாசி போகும்போது பின்னால் பேராசிரியை நிற்பதைப் பார்த்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை, மாமி தின்றுகொண்டிருந்தது. பழக்கும்போதும் இப்படித்தான் கதைத்தாயா என்று கேட்டார். எல்லா மாடுகளோடுமா? ஓம், எல்லாவற்றோடும். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பிள்ளையிடம் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மாடுகள் இந்தக் குரலோடுதான் சாப்பிடப் பழகியிருக்கின்றன, இதை நாங்கள்தான் கவனிக்கத் தவறினோம், ஆகவே இவருடைய பேச்சும் ஆராய்ச்சி முறையில் ஒரு பகுதி. மாமியை முதலிலிருந்து திரும்ப அளக்க வேண்டும், நான்கு மாடுகளுக்கும் தீனி வைத்தவுடன் ஒரே மாதிரி இவர் கதைக்க வேண்டும்.

கதைப்பது என் உத்தியோகமாகிவிட்டது. சம்பளத்தோடு!

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவே இல்லை.

"நீங்கள் கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பிப் போறன். அதுகள் பாவங்கள். கண்ணாடிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறியள், அதுகள் எங்கை போறது?"

"அதுகள் தின்னுது எல்லோ?"

"ஓம், வாயிலை ஏதாவது இருந்தால்தான் உங்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை."

மற்ற மூன்று மாடுகளும், உண்மையைச் சொன்னால், நான் கதைக்காவிட்டாலும் தின்றிருக்கும். கலியாண வீட்டில் தூரத்து உறவினர் கேட்பதுபோல என் கதையை மரியாதைக்குக் கேட்டன. மாமிக்கு மட்டும்தான் உண்மையான அக்கறை. உண்மைக் கதைகள் முடிந்த பிறகு நான் பொய்க்கதைகளுக்கு மாறினேன். மாமி வித்தியாசம் பார்க்கவில்லை. பிள்ளை வந்து இயந்திரத்தைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம், ஏப்பம் விட்டது நானே என்பதுபோல் பெருமைப்பட்டேன்.

அவளுடைய பட்டத்துக்கான தேர்வுக்கு என்னையும் கூப்பிட்டாள். கலியாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் வளைகோடுகள் வந்தன, போயின. ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் பெரியவர்கள் தலையாட்டிய இடத்தில் எல்லாம் நானும் ஆட்டினேன். கடைசியில் தேர்வாளர் ஒருவர், பராமரிப்பாளரின் குரல் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்த மொழி என்று கேட்டார். யாழ்ப்பாணத் தமிழ் என்று அவள் பதில் சொன்னாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நிற்பதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றேன்.

அவள் தேறினாள். இங்கே ஒருவர் டொக்டரானால் கூட வேலை செய்தவர்கள் அட்டையில் ஒரு தொப்பி செய்து, ஆராய்ச்சியைக் காட்டும் சாமான்களை அதில் ஒட்டித் தலையில் வைப்பார்கள். அவளுடைய தொப்பியில் ஒரு கேக் பெட்டியின் கண்ணாடி மூடி, அதற்குள் பிளாஸ்டிக் மாடு, சுற்றிவர ஆளி விதை. மூடிக்கு வெளியே ஒரு களிமண் பொம்மை. கறுப்பு நூலில் என்னுடைய மீசை, வாய் மட்டும் தலையைவிடப் பெரிது.

"இது ஆர் செய்தது?" என்று கேட்டேன். பேராசிரியை கையை உயர்த்தினார்.

பொம்மையைச் சரியாக ஒட்டவில்லை. அவள் கைகுலுக்கிக்கொண்டு மண்டபம் முழுக்க நடக்க, அது ஆடிக்கொண்டே போனது.

"என்னங்கண்ணா, பின்னாடியே வர்றீங்க?"

"நீர் நடவும் பிள்ளை" என்றேன். நான் கீழே விழுந்து உடைந்துவிடக் கூடாது என்று, தொப்பிக்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.