பின்சீட்டு மதிப்புரை

ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணி வரைக்கும் என் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நோயும் கிடையாது. ஐந்தரைக்கு வாசகசாலையில் அந்த ஆங்கிலப் பத்திரிகையைப் பிரித்தேன். ஆறு மணிக்கு வண்டி படுத்த படுக்கையாகிவிட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளையார்பாளையத்திலிருந்து சுற்று வட்டாரக் கிராமத்துத் தறிகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இருபது ஆண்டு சைக்கிள் மிதித்து, முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்த பிறகு வாங்கிய பழைய வண்டி. இரண்டு ஆண்டாக மழையிலும் சேற்றிலும் என்னைச் சுமந்து போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

பத்திரிகையின் நடுப்பக்கத்தில் அதே மாடல் வண்டியின் படம். பக்கத்தில் பம்பாய்க்காரர் ஒருவர் ஓட்டிப் பார்த்து எழுதிய மதிப்புரை. என் பள்ளிக்கூட ஆங்கிலத்தையும் வாசகசாலை அகராதியையும் சேர்த்து முட்டுக்கொடுத்துப் படித்ததில், இன்ஜினைப் புகழ்ந்திருக்கிறார், பிரேக்கைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் வளைவில் பின்பக்கம் அலைகிறது, வண்டி கைக்கு அடங்கவில்லை என்று முடித்திருக்கிறார் என்று விளங்கியது.

வீட்டுக்குத் திரும்பும்போது தேர்முட்டி மூலையில் வண்டியைத் திருப்பினேன். பின்பக்கம் அலைந்தது! இரண்டு ஆண்டாக அலையாத பின்பக்கம். அடுத்த மூலையில் இன்னும் கொஞ்சம் அதிகமாக அலைந்தது. அதற்கடுத்த மூலையில் நான் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போனேன். சைக்கிளில் இரண்டு பால் கேனோடு வந்த ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். போகும்போது திரும்பிப் பார்த்துவிட்டும் போனார்.

பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங் உண்டு. அதன் அடியில் ஒரு இரும்பு வளையம், அதில் படிபோல் வெட்டிய மூன்று காடி. வளையத்தைத் திருகி முதல் காடியில் வைத்தால் ஸ்பிரிங் இளகியிருக்கும், மூன்றாவதில் வைத்தால் விறைத்துக்கொள்ளும். திருகுவதற்கு முனை வளைந்த கொக்கி ஸ்பேனர் ஒன்று வேண்டும். அது ஒலிமுகமது பேட்டையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் இருந்தது. போய் இரவல் கேட்டேன்.

"யாருக்கு இது?" என்றார் பாய்.

"ஒரு நண்பருக்கு."

"எந்த நண்பரு?"

"உங்களுக்குத் தெரியாதவரு பாய்."

பாய் என்னையும் என் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "கை பத்திரம்னு சொல்லுங்க உங்க நண்பருக்கு" என்று ஸ்பேனரைக் கொடுத்தார்.

எங்கள் தெருவில் பிறந்தவனுக்குத் தளர்ந்து கிடக்கும் எதையும் கண்ணால் பார்க்க ஆகாது. காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டினால், அந்த வழியாகப் போகிறவன் வருகிறவன் எல்லாம் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான். ஒரு ஓரம் தொய்ந்திருந்தால் அந்த ஓரத்தை மட்டும் இழுத்துக் கட்டுவோம். வேலை முடிந்தது. என் மூளைக்குத் தெரிந்த இயந்திர சாஸ்திரம் மொத்தமும் அவ்வளவுதான். அதை வைத்து யோசித்தேன். என் மனைவி பின்சீட்டில் இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்காருகிறாள். ஆகவே பாரம் இடப்பக்கம். ஆகவே தொய்வும் இடப்பக்கம். ஆகவே இடது ஸ்பிரிங்கை மூன்றாவது காடிக்கு ஏற்றினேன். வலதை முதல் காடியிலேயே விட்டேன். இடது ஸ்பிரிங்கை விரலால் சுண்டினேன். டண் என்றது. மனசு குளிர்ந்துபோனது.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியை ஏற்றிக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனேன். வழியில் வாய்க்கால்மேல் ஒரு சின்ன வாராவதி. அதன்மேல் ஏறி இறங்கியபோது வண்டி இடுப்பைச் சுளுக்கிக்கொண்டதுபோல் ஒரு பக்கமாக முறுக்கித் துள்ளியது.

"நிறுத்துங்க" என்றாள் மனைவி.

"இன்னாச்சு?"

"இன்னாச்சா? நான் மேல போய்ட்டு வர்றதுக்குள்ள சீட்டு கொஞ்சம் தள்ளிப் போயிருந்துச்சு."

நான் பத்திரிகையைப் பற்றிச் சொன்னேன். பம்பாய்க்காரரே சொல்லிவிட்டார், வண்டியின் பிறவிக் குணமே அப்படித்தான், நம் தப்பு ஒன்றும் இல்லை என்றேன். ஸ்பேனரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? சரி. மண்டிக்காரரு ஒரு மாசமா வண்டிய வெலைக்குக் கேட்டுக்கினு இருக்காரில்ல? நாளைக்குத் தாமலுக்கு எங்க அக்கா ஊட்டுக்குப் போறோம். டிபன் கேரியர்ல மோர்க்கொழம்பு எடுத்துக்கினு வருவேன். போவும்போது வண்டில வரேன், கொழம்பு சிந்தக்கூடாது, அதான் பரிட்சை. திரும்பறப்ப நான் பஸ்ல வந்தேன்னா, திங்கக்கெழம வண்டி மண்டிக்காரருக்கு."

"நான் எதுல வேலைக்குப் போறது?"

"சைக்கிள் இருக்குதில்ல."

என் முழங்கால்கள் இரண்டும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

பாயின் பட்டறை வெள்ளிக்கிழமை மட்டும்தான் மூடியிருக்கும். ஞாயிறு காலை, கதவைத் திறப்பதற்கு முன்பே நான் போய் நின்றேன். பாய் வண்டிக்குப் பின்னால் குந்தினார். இடது வளையத்தைப் பார்த்தார். எழுந்துபோய் வலது வளையத்தைப் பார்த்தார். மறுபடி இடதுக்கு வந்தார்.

"உங்க நண்பரு ரொம்ப கெட்டிக்காரரு" என்றார்.

நான் சீட்டில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ரெண்டு ஸ்பிரிங்கும் பின்சக்கரத்தப் பிடிச்சிக்கினு இருக்கிற ஒரே இரும்புக் கையத்தான் தாங்குது. ஒண்ணு நகரமாட்டேங்குது, இன்னொண்ணு வா வாங்குது. கை நடுவுல மாட்டிக்கினு முறுக்கிக்கிது. இது இன்னா தறியா, ஓரத்த இழுத்துக் கட்றதுக்கு?"

வேறு வழியில்லாமல் பத்திரிகைக் கதையை முழுதாகச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எழுதினவரு எடை இன்னா?"

"போடலியே."

"டயர்ல எவ்ளோ காத்து?"

"அதுவும் போடல."

"எந்தக் காடில வெச்சி ஓட்னாரு?"

"காடியப் பத்தியே பேச்சில்ல பாய்."

"பின்னாடி யாரு ஒக்காந்தது?"

அது எனக்கு நினைவில்லை. பாய் வேலையைத் தொடங்க, நான் வாசகசாலைக்கு ஓடினேன். அந்தப் படத்தை இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தேன். ஓட்டுகிறவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். அவருக்குக் கீழே வண்டி கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. ஸ்பிரிங் இரண்டும் நசுங்கி உட்கார்ந்திருந்தன. பின்சீட்டு காலி. சாலை எண்ணெய் பூசினாற்போல் மினுமினுவென்று இருந்தது. நானோ ஈரத்துணியோடு நிறுத்தாலும் ஐம்பது கிலோ தாண்டாத ஆள். என் சாலையில் வாராவதி உண்டு, மாடு உண்டு, பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்காரும் மனைவியும் அவள் மடியில் மோர்க்குழம்பும் உண்டு.

அவர் பொய் எழுதினார் என்று சொல்லமாட்டேன். அவருக்கு அலைந்திருக்கும், அலைந்தது என்று எழுதினார். அதை நான் என் வண்டியின் ஜாதகமாக எடுத்துக்கொண்டது என் புத்தி. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் இன்றைக்கும் வருத்தம்தான். அந்த வளையத்தை ஒரு காடி திருகிவிட்டு இன்னொரு தடவை அதே வளைவில் போய்ப் பார்த்திருக்கலாமே? பார்த்தாரா இல்லையா என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாமே? சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று சொல்கிறவன் பொத்தானைக் கழற்றிப் பார்க்கவேண்டாமா?

திரும்பிப் போய் பாயிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப அவரு எழுதினது அவரு ஓட்டின வண்டியப் பத்தி" என்றார் பாய். "உங்க வண்டியப் பத்தி இன்னும் யாரும் எழுதல."

இரண்டு வளையத்தையும் இரண்டாவது காடியில் வைத்து, காற்றும் சரிபார்த்துக் கொடுத்தார். கொக்கி ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்க நண்பருக்கு மறுபடி தேவைப்படும், வெச்சிக்கச் சொல்லுங்க" என்றார். அதைத் துணியில் சுற்றி டூல் பெட்டியின் அடியில் ஒளித்தேன்.

தாமல் போகும் சாலையில் அந்த வாராவதி மாதிரியே மூன்று வந்தன. ஒவ்வொன்றையும் வண்டி பொறுமையாக ஏறி இறங்கியது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு நீண்ட வளைவு. அதைக் கண்டதும் வாட்டசாட்டமான அந்த பம்பாய்க்காரர் எழுதிய வரிகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். வண்டி நடுங்கத் தொடங்கியது.

"ஐயோ, அலையுது!" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"வண்டி ஆடல" என்றாள் மனைவி. "நீங்கதான் ஆட்றீங்க. கைய லேசாப் பிடிங்க. அந்தப் புஸ்தகத்த நெனைச்சிக்கினு ஓட்டாதீங்க."

கையைத் தளர்த்தினேன். இறுக்கியே பழகியவனுக்கு அது லேசில் வரவில்லை. ஒவ்வொரு விரலாகச் சொல்லிச் சொல்லித்தான் தளர்த்தவேண்டியிருந்தது. வண்டி வளைவை முடித்துக்கொண்டு வெளியே வந்தது.

அக்கா வீட்டில் கேரியரைத் திறந்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். மூடியில் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். மனைவியும் பார்த்தாள். மூடியைத் துடைத்து வைத்தாள். மத்தியானம் முழுக்க அக்காவும் தங்கையும் உலகத்து விஷயம் எல்லாம் பேசினார்கள், வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

சாயங்காலம் அக்கா ஒரு கோணிப் பை நிறைய வேர்க்கடலை கொடுத்தாள். சகலை அதைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்க, மனைவி அவர் பின்னால் நேராக பஸ் நிற்கும் புளியமரத்தடிக்குப் போனாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். தூரத்தில் புழுதி கிளம்பியது. பஸ்ஸேதான். மண்டிக்காரர் என் வண்டியில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு காட்சி என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அந்த வளைஞ்ச ஸ்பேனர எடுத்தாந்தீங்களா?" என்றாள் மனைவி.

"எந்த ஸ்பேனரு?"

"டூல் பெட்டில துணி சுத்தி வெச்சிருக்கீங்களே, அது. வர்றப்ப நாம ரெண்டு பேரு. இப்ப மூட்டையும் பின்னாடி ஏறுது. ஒரு காடி ஏத்துங்க."

பஸ் வந்து நின்றது. "வர்றியாமா? சீக்கிரம் ஏறு" என்றார் கண்டக்டர்.

"வண்டி இருக்குதுபா, நீங்க போங்க."

நான் புழுதியில் மண்டிபோட்டு வளையத்தில் கொக்கியை மாட்டினேன். பழக்க தோஷம், கை முதலில் போனது இடது பக்கம்தான்.

"ரெண்டு பக்கமும்!" என்றாள்.