தலைப்பாகைக்குத் தனிக் கட்டணம்

காலை எட்டரைக்குத் தோவாளையில் பஸ் ஏறினோம். நான், என் வீட்டுக்காரர் சுயம்பு, நாலாம் வகுப்பு படிக்கும் மகள் செல்வி. விடியும் முன்பே மார்க்கெட்டில் பிச்சிப்பூ வியாபாரத்தை முடித்துவிட்டு வந்தவர், வடசேரி வரை என் தோளில் சாய்ந்து தூங்கினார். அங்கே பஸ் மாறி, தக்கலை தாண்டி, திருவட்டாறு சாலையில் இறங்கினால் எதிரே கோட்டை. சிமெண்ட் கோட்டைதான். 'ராஜா காலத்துக்கு வாருங்கள்' என்று போர்டு. பூங்காவின் பெயர் எதற்கு? போகிறவர்கள் எப்படியும் போவார்கள்.

அசல் அரண்மனை பக்கத்திலேயே பத்மநாபபுரத்தில் இருக்கிறது. செல்விக்கு அது வேண்டாம். அங்கே இளவரசி ஆக முடியாதாம். வகுப்பில் ஒருத்தி சிம்மாசனத்தில் உட்கார்ந்த படத்தைக் கொண்டுவந்து காட்டியதிலிருந்து வீட்டில் இதே பாட்டு. அப்பா அம்மாவோடு தர்பாரில் ஒரு படம் எடுத்து, பள்ளியில் காட்ட வேண்டும் அவளுக்கு.

நுழைவுச் சீட்டு ஆளுக்கு அறுநூறு. அதோடு முடிந்தது என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை. செருப்பு வைக்க இருபது. பல்லக்கில் வாசலிலிருந்து மண்டபம் வரை போக நூற்றைம்பது. கூடவே சாமரம் வீசினால் இன்னும் ஐம்பது. இளவரசி உடுப்பு எழுநூறு, கிரீடம் அதில் சேராது. கொண்டுபோன கட்டுச்சோற்றை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே புளிச்சோற்றை 'அரண்மனை அமுது' என்று நூற்றெண்பதுக்கு விற்கிறார்கள். வாயில் வைத்தேன். அடப்பாவிகளா, உப்பே இல்லை.

பதினொரு மணிக்கு உடுப்பு மாற்றும் அறைக்குப் போனோம். நடுவில் ஆளுயரக் கண்ணாடி. அதன் முன்னால் அழகுக்காக எரியவிட்ட குத்துவிளக்கு. நாங்கள் அய்யாவழிக்காரர்கள். நாங்கள் கும்பிடப் போகும் தாங்கலில் சிலை கிடையாது. கண்ணாடியும் விளக்கும்தான் இருக்கும். ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் அதன்முன் நின்று கும்பிடுவார்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்த இவர், கண்ணாடியையும் விளக்கையும் கண்டதும் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை உதறித் தலையில் கட்டிக் கைகூப்பிவிட்டார்.

"அப்பா, இது மேக்கப் ரூமாக்கும்," என்றாள் செல்வி.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவரும் சிரித்துவிட்டார். "கெட்டினது கெட்டியாச்சு, கெடக்கட்டும் மக்ளே," என்று அப்படியே வந்தார்.

தர்பாரில் செல்வி கிரீடத்தோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் கீழே குடிமக்கள். அதற்கு மட்டும் காசில்லை. வேல் பிடித்த சேவகன் வேடக்காரர் இவரிடம் வந்தார். வேடம்தான் சேவகன், பேச்சு நம் ஊர்ப் பேச்சு.

"அண்ணாச்சி, தலைக்கெட்டைக் கழத்தி இடுப்பில கெட்டிட்டு, கொஞ்சம் குனிஞ்சு நிக்கணும்."

"எதுக்கு?"

"ராஜா காலத்தில குடிமக்க அப்பிடித்தானே நிப்பாங்க. ஒரு ரசத்துக்காக்கும்."

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. அப்படி நின்றார்கள் என்பது உண்மைதான். ரசத்துக்காகவா நின்றார்கள், வேடிக்கைக்காகவா? எங்களைப் போன்றவர்கள் தலையில் துணி கட்டினால் அடி விழுந்த காலம் அது. தோளில் சீலை போட்ட பெண்களின் சீலையைத் தெருவில் வைத்துக் கிழித்தார்கள். தலை இருந்ததற்கே வரி வாங்கினார்கள். அதனால்தான் எங்கள் வழியைத் தொடங்கிவைத்த அய்யா எங்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். இவர்களானால் அடியை மறைத்துவிட்டுக் குனிந்ததை மட்டும் விளையாட்டாக்கி, அதற்குச் சீட்டும் கிழிக்கிறார்கள். தெரிந்து செய்கிறார்களா, தெரியாமல் செய்கிறார்களா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். செல்வியின் முகம் அழப்போவதுபோல ஆகிவிட்டது. இவர் அவளை ஒருமுறை பார்த்தார். படம் இல்லாமல் போய்விடுமோ என்று எனக்கும் பதைத்தது.

"கழத்த மாட்டேன் தம்பி. எடுக்கணும்னா இப்பிடியே எடு," என்றார், சத்தம் போடாமல். நிமிர்ந்து நின்றார். சேவகன் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார். படம் எடுத்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

நாலு மணிக்கு வெளியே வரும் வழியில் படக்கடை. சட்டம் போட்ட படம் ஐந்நூறு. ஓடிப்போய்க் கையில் வாங்கிய செல்வி அசையாமல் நின்றாள்.

"அம்மா, அப்பா கழத்தவே இல்லியே."

எட்டிப் பார்த்தேன். படத்தில் இவருக்கு வெறுந்தலை. இடுப்பில் ஒரு துண்டு. கழுத்துகூடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் தலை தூக்காமலே சொன்னாள்: "தீமுக்குச் சேராததை நாங்களே சரி பண்ணிருவோம் அக்கா. தலைக்கெட்டு திரும்ப வேணும்னா எடிட்டிங்குக்கு இருநூறு கூடும்."

"அவரு தலையில அவரு கெட்டினதுக்கு உனக்கு எதுக்குட்டி பைசா?" என்றேன். இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் செல்வி படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் அழுது கேட்ட படம்.

பஸ் நிறுத்தத்தில் இவர் தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னொருக்க கெட்டுங்கப்பா," என்றாள். கட்டினார். என் போனை வாங்கி அவளே எடுத்தாள். பின்னால் சிமெண்ட் கோட்டையின் சுவர் மங்கலாகத் தெரிகிறது. வடசேரியில் இறங்கி முப்பது ரூபாய்க்கு அதை அச்செடுத்தோம்.

திங்கட்கிழமை பள்ளிக்கு அந்தப் படத்தைத்தான் கொண்டுபோனாள். "உங்கப்பாவுக்கு ராஜா வேஷமா?" என்று அந்தச் சிம்மாசனக்காரி கேட்டாளாம்.

"வேஷம் ஒண்ணும் இல்ல. எங்கப்பாவாக்கும்," என்றாளாம் செல்வி.