பஸ்ஸில் பாதியில் நின்ற ஜெபம்

இன்று பள்ளி விட்டு வரும்போது தாயில்பட்டிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டு, புகை எழுந்தது. பஸ்ஸில் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

பக்கத்து சீட் அக்காவின் மகளுக்கு அங்கேதான் பட்டாசுக் கம்பெனியில் வேலை. போனை எடுக்கவில்லையாம்.

நான் கண்ணை மூடி முணுமுணுத்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"வேதக்காரப் புள்ளையா? எம்மகளுக்குச் சத்தமா ஒரு ஜெபம் பண்ணு தாயி."

நான் இயேசுவிடம் ஜெபிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பின் சீட்டில் சித்தப்பா இருந்தார்.

"இல்லக்கா, நாங்க மாரியம்மன் கும்பிடுறவுக."

"அதனால என்ன? ஆத்தாகிட்டயாச்சும் கேளு."

ஆத்தாவிடம் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அழுதுகொண்டே இறங்கிப் போனார்.

எல்லோரும் தூங்கிய பிறகு ஃபேக் ஐடியில் எழுத மட்டும் தைரியம் வருகிறது. அந்த மகளுக்காக நீங்களாவது கேளுங்கள். எந்தச் சாமியிடம் என்று அக்கா பார்க்கமாட்டார்.